வால் நட்சத்திரமும் தோள் மூட்டையும்

வால் நட்சத்திரம் ஒன்று வரப்போகிறது என்று செய்தி வெளியானவுடன் நமது காரியாலயத்துக்கு இருவகைக் கடிதங்கள் வருவது வழக்கம். இதனால் நாட்டுக்கு என்ன கேடு விளையும் என்று கேட்பது ஒரு வகை. இதைப் படம் பிடிக்க எந்தக் காமிரா வாங்கலாம் என்று கேட்பது மற்றொரு வகை. முதல் வகைக் கடிதங்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன. அது நமக்குத் திருப்தியளிக்கும் விஷயமே. பனியும் தூசியும் கலந்து சூரியனைச் சுற்றிச் செல்லும் ஓர் உருண்டைக்கு நம் வீட்டுச் சுப காரியங்களில் யாதோர் அக்கறையும் இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது வகைக்கு அவ்வாறு பதில் சொல்ல இயலாது. மேலும், அந்தக் கேள்வி பெரும்பாலும் வால் நட்சத்திரம் வானில் வந்து நின்ற பிறகே நம்மை வந்து சேருகிறது. கலியாணத்தன்று காலையில் பந்தற்கால் வாங்கப் புறப்பட்டவனுடைய நிலைமைக்கும் அப்படிக் கேட்பவருடைய நிலைமைக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆதலின், அடுத்த விருந்தாளிக்காகக் காத்திராமல் இப்பொழுதே இவ்விஷயத்தை எழுதிவிடத் துணிந்தோம்.

பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி நமக்கு உண்டு என்று எண்ணி இதை எழுதவில்லை. பட்டறிந்த காரணத்தாலேயே எழுதுகிறோம்.

கடற்கரையில் கற்ற பாடம்

சுச்சின்ஷான்–அட்லஸ் என்ற வால் நட்சத்திரத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2023ஆம் வருஷம் ஜனவரியில் சீன தேசத்து ஊதாமலை வானாராய்ச்சி நிலையத்தாரும், அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் அதைக் கண்டன. 2024ஆம் வருஷம் செப்டம்பர் 27ந் தேதி அது சூரியனுக்கு மிக அருகில் வந்தது. வக்கீல் பாஷையில் சொல்வதானால், நமக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே நோட்டீஸ் சார்வாகிவிட்டது. ஆயினும் நாம் ஆயத்தமாக இருந்தோமா?

அம்மாத இறுதியில் ஒரு நாள் விடியற்காலம் சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் போய் நின்றோம். மணி நாலரை. கீழ்வானில் கடலும் ஆகாயமும் சேருமிடத்தில் மேகமில்லை. இன்னும் கால் மணியில் அது தெளிவாகத் தெரியும். அதற்குமேல் அரை மணிக்குள் விடியல் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். நல்ல காமிரா, நல்ல லென்ஸ், பலமான முக்காலி எல்லாம் நம்மிடம் இருந்தன. காமிராவின் அடியில் திருகி முக்காலியின் தலையில் பூட்டும் தட்டு மாத்திரம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. முந்திய வாரம் ஒரு கூட்டத்தைப் படமெடுப்பதற்காக வேறொரு காமிராவுக்கு மாற்றப்பட்ட அந்தத் தட்டு, காரியாலயத்து மேஜையின் மேல் சௌக்கியமாகக் கிடந்தது.

துணிப்பையில் மணலை நிரப்பி அதன் மேல் காமிராவைச் சாய்த்து வைத்து, இரண்டு இரண்டு விநாடியாகப் படமெடுத்தோம். மணல் சரிந்தது, படம் அசைந்தது. அசையாத படங்கள் சிலவற்றில் தலை தெரிந்தது. வால் பெரும்பாலும் போயிற்று. நமக்கு இருபது அடி தள்ளி ஒரு கல்லூரி மாணவர் நின்றிருந்தார். அவரிடம் இருந்தது பழைய காமிரா ஒன்றும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுமே. ஆனால் அவர் வீட்டிலேயே காமிராவை முக்காலியில் பூட்டி, லென்ஸைத் துவாலையில் சுற்றி, அப்படியே தோளில் சுமந்து வந்திருந்தார். முக்காலியை விரித்தார், எடுக்க ஆரம்பித்தார். நான்கு நான்கு விநாடியாகப் பல படங்களை எடுத்துப் பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் சேர்த்து அவர் நமக்கு அனுப்பிய படத்தில் வால் நீண்டு மேல்நோக்கி நின்றது. நம்முடைய கருவி அவருடையதைப்போல் பல மடங்கு விலையுள்ளது. அந்தப் படத்தின் முன் நமது விலைச்சீட்டு என்ன சாட்சியம் சொல்ல முடியும்?

சுச்சின்ஷான்–அட்லஸ் நம் ஆயுளில் திரும்பி வரப்போவதில்லை. வழக்குத் தள்ளுபடியானால் அப்பீல் உண்டு, இதற்கு இல்லை. அன்று நாம் தெரிந்துகொண்டது இதுதான்: வால் நட்சத்திரத்தைப் படம் பிடிப்பது கருவியின் பெருமையால் அன்று, ஒன்றும் குறையாமல் சேர்த்துக் கட்டிய, கையோடு தூக்கிச் செல்லக்கூடிய மூட்டையால்தான்.

உருவப்பட லென்ஸின் வெற்றி

இது நமது சொந்த ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். வால் நட்சத்திரப் போட்டோவின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

1858ஆம் வருஷம் தொனாத்தி வால் நட்சத்திரம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யாவரும் வியக்கும்படி பிரகாசித்தது. அதை முதன்முதலில் படம் பிடித்தவர் வான சாஸ்திரி அல்லர். இங்கிலாந்தில் சர்ரே ஜில்லாவில் ஓவியமும் போட்டோவும் தொழிலாகக் கொண்டிருந்த வில்லியம் அஷர்வுட் என்பவர், மனிதர் முகங்களைப் படமெடுக்கும் உருவப்பட லென்ஸ் ஒன்றை வானத்தை நோக்கித் திருப்பி, செப்டம்பர் 27ந் தேதி ஏழே விநாடியில் அதைப் பதிவு செய்தார். மறுநாள் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் பாண்டு 15 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு ஆறு நிமிஷம் முயன்றார். நடுவிலிருந்த ஒளிப்பொட்டு மாத்திரமே தட்டில் விழுந்தது. அக்காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று அது. அதற்கு அகப்படாத வால், கிராமத்துப் படக்காரருடைய லென்ஸுக்கு அகப்பட்டது.

காரணம் மிகவும் எளிது. தொலைநோக்கி ஆகாயத்தின் சிறு துண்டைப் பெரிதாக்கிக் காட்டுவது. வால் நட்சத்திரமோ ஆகாயத்தில் நெடுந்தூரம் பரந்து கிடப்பது. பரந்த மங்கலான பொருளுக்கு வேண்டியது பெரிதாக்கும் சக்தியன்று. அகன்ற பார்வையும், குவியத் தூரத்துக்குத் தகுந்த அகன்ற வாயுமே ஆகும்.

1882ஆம் வருஷத்துப் பெரிய வால் நட்சத்திரத்தின்போது நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில் என்ற வான சாஸ்திரி மற்றொரு படி முன்னே சென்றார். உள்ளூர்ப் படக்காரர் ஒருவருடைய காமிராவை வாங்கி, வானத்தோடு சேர்ந்து சுழலும் தொலைநோக்கியின் முதுகின்மேல் அதைக் கட்டினார். அரை மணி முதல் இரண்டு மணிக்கும் மேலாக ஒளியை உள்ளே விட்டார். வால் நட்சத்திரம் மாத்திரமல்ல, அதன் பின்னாலிருந்த எண்ணற்ற நட்சத்திரங்களும் தட்டில் தோன்றின. ஆகாயம் முழுவதையும் போட்டோ மூலம் படமாக வரையலாம் என்ற எண்ணம் அந்தத் தட்டுகளிலிருந்தே பிறந்தது.

அமெரிக்காவில் எட்வர்டு எமர்ஸன் பார்னார்டு என்ற ஏழைச் சிறுவன், ஒன்பது வயது நிரம்புமுன்னரே ஒரு போட்டோ கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சூரிய வெளிச்சத்தால் படங்களைப் பெரிதாக்கும் யந்திரம் ஒன்றைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அவன் வேலை. பின்னாளில் அவர் கலிபோர்னியாவில் லிக் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, போட்டோ கடையில் பழகிய ஓர் உருவப்பட லென்ஸைக் கொண்டே 1892ஆம் வருஷம் அக்டோபர் 12ந் தேதி ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். போட்டோத் தட்டின் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால் நட்சத்திரம் என்று அது பெயர் பெற்றது. நம் காலத்திலும் அவ்வாறே: 2007ஆம் வருஷம் மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் டெர்ரி லவ்ஜாய் என்ற அன்பர், கடையில் யாரும் வாங்கக்கூடிய டிஜிட்டல் காமிராவைக் கொண்டு புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

மூட்டையின் உள்ளே

இனி, மூட்டையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கவனிப்போம்.

முதலில் லென்ஸ். பூர்ண சந்திரன் ஆகாயத்தில் அரைப் பாகை அகலம் உள்ளது. நல்ல வால் நட்சத்திரத்தின் வால் பத்துப் பாகைக்கும் மேலாக நீளும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழு அளவுச் சென்ஸார் கொண்ட காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 40 பாகை ஆகாயத்தைக் காட்டும். 135 மில்லிமீட்டர் லென்ஸ் 15 பாகையையும், 200 மில்லிமீட்டர் லென்ஸ் 10 பாகையையும் காட்டும். சிறிய சென்ஸார் உள்ள காமிராவானால் 85 மில்லிமீட்டர் லென்ஸே 135க்குரிய வேலையைச் செய்துவிடும். ஆகவே 50 ஒன்றும், 85 அல்லது 135 ஒன்றும் இருந்தால் போதும். தூரத்துப் பறவைகளைப் படமெடுக்கும் நீண்ட பீரங்கி லென்ஸை ஆசைப்பட்டு வாங்குபவர்கள், அதன் எடையைச் சுமப்பதைத் தவிர வேறு பயன் காணமாட்டார்கள். வாய் எஃப் 2 அல்லது 2.8 அளவுக்குத் திறக்க வேண்டும் என்பது ஒன்றே முக்கியம்.

காமிரா புதிதாக இருக்க வேண்டும் என்ற நியமமில்லை. குவியம், துவாரம், நேரம் மூன்றையும் கையாலே அமைக்கும் வசதியும், ஒளியைச் சுருக்காமல் மூலப்பிரதியாகச் சேமிக்கும் வசதியும் இருந்தால், பத்து வருஷத்துப் பழைய காமிராவும் போதும்.

மூன்றாவது, முக்காலி. இதில் சிக்கனம் பார்க்கலாகாது. கடற்கரையிலும் மலையுச்சியிலும் காற்று உண்டு. நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களைத் தாழ்த்தி, கீழே ஒரு பையைக் கட்டித் தொங்கவிட்டால் சாதாரண முக்காலியும் அசையாது.

நான்காவதுதான் மூட்டையின் உயிர். பூமி சுழல்வதால் ஆகாயம் நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை வீதம் மேற்கே நகருகிறது. அசையாத முக்காலியில் வைத்த காமிராவில் நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபடாமலிருக்க, 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து வரும் விநாடிக்குள் படத்தை முடிக்க வேண்டும் என்பது பழக்கத்திலுள்ள ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டருக்குப் பத்து விநாடி. 135க்கு நான்கு விநாடிகூட இல்லை. இன்றைய காமிராக்களின் நுண்மைக்கு அதில் பாதியே உத்தமம். இந்தக் கட்டிலிருந்து விடுதலை பெற வேண்டுமானால், கில் செய்ததுபோல், காமிராவை வானத்தோடு சுழற்ற வேண்டும். அதற்கென்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் டிராக்கர் என்ற சிறு யந்திரம் கடைகளில் கிடைக்கிறது. முக்காலிக்கும் காமிராவுக்கும் நடுவே அது உட்காரும். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கினால், இரண்டு விநாடிக்குப் பதிலாக இருபது விநாடி ஒளியைத் தாராளமாக வாங்கலாம்.

இங்கே நம் பிரதேசத்தவருக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சாம்சத்தின் அளவே உயர்ந்து நிற்கும். கன்னியாகுமரியில் எட்டுப் பாகை, கொடைக்கானலில் பத்து, சென்னையில் பதின்மூன்று. ஐரோப்பியர் தங்கள் ஊருக்காகச் செய்த சாய்வுத் தளங்களில் சில இவ்வளவு தாழ்வாக இறங்குவதில்லை. வாங்குமுன் இதை விசாரிக்க வேண்டும். அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், காமிராவின் பாரம் வடக்கே நீண்டு தொங்கும். முக்காலியின் ஒரு காலை நேர் வடக்கே வைக்காவிட்டால் எல்லாம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அவ்வளவு தாழ்ந்த துருவ நட்சத்திரம் பனிமூட்டத்திலோ தென்னந்தோப்பிலோ மறைந்திருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. நம் நாட்டின் இப்பகுதியில் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. முக்காலியின் இரும்பு ஊசியை இழுக்காதபடி சற்று எட்ட நின்று திசையைப் பார்த்து, சாய்வை அட்சாம்சத்தின்படி அமைத்தால் போதும். இரண்டு பாகை பிசகினாலும் 135 மில்லிமீட்டர் லென்ஸில் இருபது விநாடிப் படம் கெட்டுவிடாது.

தச்சரும் வான சாஸ்திரமும்

டிராக்கர் வாங்க வசதியில்லாதவர்கள் ஊர்த் தச்சரிடம் செல்லலாம். முழ நீளமுள்ள இரண்டு பலகைகளை ஒரு பக்கத்தில் கீல் வைத்து, புத்தகத்தைப்போல் மூடித் திறக்கும்படி இணைக்க வேண்டும். கீழ்ப்பலகை முக்காலியில், மேற்பலகையில் காமிரா. கீலின் மையத்திலிருந்து 29 சென்டிமீட்டர் தூரத்தில் கீழ்ப்பலகையில் துளையிட்டு, அங்குலத்துக்கு 20 மரையுள்ள கால் அங்குலத் திருகு ஒன்றைச் செலுத்த வேண்டும். காமிராக்களின் அடியில் பூட்டும் திருகும் இதே மரைதான். ஆகையால் தேடி அலைய வேண்டியதில்லை. இத்திருகை நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுழற்றினால், மேற்பலகை ஆகாயம் சுழலும் அதே வேகத்தில் திறந்துகொண்டே போகும். கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, பதினைந்து விநாடிக்குக் கால் சுற்றாகக் கையாலேயே திருப்பலாம். வடக்கு நோக்கி நிற்கும்போது கீல் இடக்கைப் புறத்தில், துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். அதை மறந்தால் ஆகாயம் ஒரு பக்கமும் காமிரா மறுபக்கமும் போகும். நேர்த் திருகினால் உண்டாகும் பிழை சிறுகச் சிறுகவே வளருவதால், ஐந்து நிமிஷத்துக்குள் அதைப்பற்றிக் கவலையில்லை. பிறகு திருகைப் பழைய இடத்துக்குச் சுற்றிவிட்டு மீண்டும் தொடங்கலாம். பள்ளிப் பையன்கள் கேத்திர கணிதம் எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்கும்போது, ஆசிரியர் இந்தப் பலகையைக் காட்டலாம்.

இனிச் சில்லறைச் சாமான்கள். நம்மைப்போன்றவர்களைக் கவிழ்ப்பவை இவைதாம். காமிராவைத் தொடாமலே தொடர்ந்து படமெடுக்கச் செய்யும் கம்பி விசை ஒன்று; பாட்டரி இரண்டு; நினைவு அட்டை இரண்டு; கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காத சிவப்பு விளக்கு; லென்ஸ் துடைக்கும் துணி. ஈரக்காற்றில் அரை மணி நின்றால் லென்ஸின் முகத்தில் பனி படியும். படங்கள் ஒவ்வொன்றாக மங்குவதை நாம் கவனிப்பதற்குள் வால் நட்சத்திரம் போய்விடும். பவர் பேங்கில் மாட்டிச் சிறிது சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் இந்தத் தொல்லை ஒழியும். ஆகாய விமானத்தில் செல்பவர்கள் பவர் பேங்கையும் உபரி லித்தியம் பாட்டரிகளையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

குவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸில் முடிவிலி என்று குறித்திருக்கும் கோட்டை நம்பி மோசம் போனவர்கள் பலர். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் காமிராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டிவிட வேண்டும். இதை வால் நட்சத்திரம் உதித்த பிறகு செய்யத் தொடங்குபவர் நேரத்தை வீணாக்குபவர்.

எல்லாம் சேர்ந்து ஆறு கிலோவுக்கு மேல் போகாது. ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இந்த மூட்டையிலிருந்து ஒரு தட்டோ திருகோ வேறு வேலைக்காக வெளியே போகக்கூடாது. சாமான்களின் ஜாபிதாவைப் பையின் மூடியிலேயே ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், வீட்டு மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் கைத்தடவலாகவே பூட்டிக் கழற்றிப் பழக வேண்டும். ஐந்து நிமிஷத்தில் அது கைகூடினால் ஆயத்தமாயிற்று என்று பொருள்.

படம் ஒரு சாட்சியம்

இவ்வளவு சிரமம் எதற்காக? பெரிய நிலையங்களும் விண்வெளித் தொலைநோக்கிகளும் இருக்கையில் நம் படத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே.

வால் நட்சத்திரத்துக்கு வால் ஒன்றல்ல, இரண்டு. தூசி வால் மஞ்சள் கலந்த வெண்மையாய் வளைந்து கிடப்பது. வாயு வால் நீல நிறமாய்ச் சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது. பின்னது மணிக்கு மணி மாறும், முறுக்கும், சில சமயங்களில் அறுந்தே போகும். பார்னார்டு 1893ஆம் வருஷத்து புரூக்ஸ் வால் நட்சத்திரத்தைப் படமெடுத்தபோது அதன் வால் எதிலோ மோதிச் சிதைந்ததுபோல் தோன்றியது. இந்த வால்களின் போக்கைக் கொண்டே, சூரியனிடமிருந்து ஓயாது ஒரு துகட்காற்று வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி லுட்விக் பியர்மான் 1951ஆம் வருஷம் ஊகித்தார். விண்கலங்கள் சென்று அக்காற்றை அளந்தது பிறகுதான்.

சூரியனுக்கு அருகிலுள்ள வால் நட்சத்திரத்தை எந்த ஊரிலிருந்தும் அந்தியிலோ விடியலிலோ அரை மணி நேரமே காண முடியும். பெரிய தொலைநோக்கிகளில் பல அடிவானம்வரை தாழ்வதில்லை. ஜப்பானில் விடிந்து அந்த அரை மணி கழிந்த பின்பு, ஐரோப்பாவில் அது தொடங்குவதற்கு வெகு நேரம் இருக்கிறது. இடையிலுள்ள மணிகளில் வால் அறுந்தால் அதைப் பார்ப்பவர் யார்? நம் தேசத்தின் தீர்க்காம்சத்தில் நிற்கும் ஒருவர் மூட்டையுடன் ஆயத்தமாக இருந்தால்தான் அந்த இடைவெளி அடைபடும். ஊர் ஊராக எடுத்த படங்களை வரிசைப்படுத்தித் தைத்தாலன்றி வாலின் முழுக்கதை கிடைக்காது.

ஆனால் சாட்சியம் சாட்சியமாக நிற்க வேண்டுமானால் அதற்குரிய லட்சணங்கள் வேண்டும். நீதிமன்றத்தில் தேதியில்லாத தஸ்தாவேஜுக்கு என்ன மதிப்போ, நேரம் குறிக்காத படத்துக்கும் அதே மதிப்புத்தான். காமிராவின் கடிகாரம் நாளுக்கு நாள் பிசகும்; புறப்படுமுன் செல்போன் காட்டும் நேரத்துடன் விநாடி சுத்தமாக ஒத்திட வேண்டும். இடம், லென்ஸ், ஒளிவிட்ட விநாடிகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மூலப்பிரதியைக் கைபடாமல் பத்திரப்படுத்த வேண்டும். ஓரிடத்து வானத்தை வேறிடத்துக் கோபுரத்தின் மேல் ஒட்டி அழகு செய்பவர்கள், அவ்வாறு செய்ததைப் பகிரங்கமாகச் சொல்லிவிட வேண்டும். யந்திரங்களே இல்லாத வானத்தை இருப்பதுபோல் வரைந்து தரும் இக்காலத்தில், நேரமும் இடமும் குறித்த உண்மைப் படத்தின் மதிப்பு முன்னைவிட அதிகமாகிறதே தவிரக் குறையவில்லை. அஷர்வுட் எடுத்த முதல் படம் இன்று உலகத்தில் இல்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். எடுப்பது பாதி, காப்பது மறுபாதி.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1910ஆம் வருஷம் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் அதன் படங்கள் எடுக்கப்பட்டன. 1927ஆம் வருஷம் சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராயிருந்தபோது, 1949ஆம் வருஷம் ஜூலை மாதம் தாம் எடுத்த போட்டோத் தட்டில் ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டார். அது பாப்பு–பாக்–நியூகர்க் என்று அவர் பெயரையும் சேர்த்தே வழங்குகிறது. காவலூரில் ஜவ்வாது மலையின் மேல் வானாராய்ச்சி நிலையம் எழுந்ததும் அவருடைய முயற்சியாலேயே.

செய்ய வேண்டுவது

நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஏதேனும் ஒரு கல்லூரியோ உயர்நிலைப் பள்ளியோ இப்படி ஒரு மூட்டையைப் பொதுவில் கட்டி வைக்கட்டும். டிராக்கருக்குப் பணமில்லையானால் தச்சரின் பலகை இருக்கிறது. மாதம் ஒரு முறை அமாவாசையன்று மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சம் இல்லாத ஓரிடத்தைத் தேடிப்போய், ஏதாவது ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் படமெடுத்துப் பழகட்டும். கிழக்கும் மேற்கும் அடிவானம்வரை திறந்த இடங்கள் தங்கள் ஜில்லாவில் எவை என்று இப்பொழுதே பார்த்துக் குறித்து வைக்கட்டும். காட்டிலாகா எல்லைக்குள் போவதானால் முன்னதாக அனுமதி பெறட்டும். விளக்குகள் பெருகப் பெருக இருண்ட ஆகாயம் வருஷந்தோறும் நம்மைவிட்டு விலகிப் போகிறது; ஆகையால் எளிதில் தூக்கிச் செல்லும் மூட்டைக்குள்ள அவசியமும் வருஷந்தோறும் அதிகரிக்கிறது.

வால் நட்சத்திரங்கள் வாக்குத் தவறுவதும் உண்டு. 2013ஆம் வருஷம் யாவரும் எதிர்பார்த்திருந்த ஐஸான், நவம்பர் 28ந் தேதி சூரியனை நெருங்கியபோதே சிதைந்து போயிற்று. சொல்லாமல் வருவதும் உண்டு. 2020ஆம் வருஷம் மார்ச் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட நியோவைஸ், ஜூலையிலேயே வெறுங் கண்ணுக்குத் தெரிந்தது. நோட்டீஸ் மூன்றரை மாதமே. ஆகவே வருகைக்கு ஏற்ப ஆயத்தம் செய்வது என்பது நடவாத காரியம்.

தவறாமல் வரும் என்று நாம் தைரியமாகச் சொல்லக்கூடிய பெரிய விருந்தாளி ஒன்று உண்டு. ஹாலி 2061ஆம் வருஷம் ஜூலையில் சூரியனை அணுகும். இன்று தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தைகள் அப்பொழுது ஏறத்தாழ நம் வயதில் இருப்பார்கள். அவர்களில் யாரேனும் ஒருவர் அந்த அந்தியில் மூட்டையை அவிழ்த்து, காமிராவின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்கும்போது, தட்டு அதன் இடத்தில் இருக்க வேண்டும்.